பழைய மடிக்கணினியில் டெபியன் நிறுவல் வட்டு பாதியில் நின்றுவிடுகிறது

வணக்கம். 2007இல் வாங்கிய 32 பிட் மடிக்கணினியில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவ முயல்கிறேன். பதிப்பு 13இல் 32 பிட்டுக்கான நிறுவி இல்லை என்பதால் இதை விட்டால் வேறு வழியில்லை. பயாஸில் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளில்) யுஎஸ்பி வழியே தொடங்கும் வசதியும் கிடையாது.

நெட்இன்ஸ்ட் (சிறிய நிறுவி) ஐஎஸ்ஓ வட்டுப்படிமக் கோப்பின் ஷா512 சரிபார்ப்பு மதிப்பு சரியாகப் பொருந்துகிறது. மேசைக்கணினியில் கே3பி என்ற வட்டெழுதும் மென்பொருள் கொண்டு டிவிடி-ஆர் வட்டில் 4எக்ஸ் வேகத்தில் எழுதி, எழுதியதைச் சரிபார்த்தும்விட்டேன்; அங்கே அந்த வட்டு குறையின்றித் தொடங்குகிறது. மடிக்கணினியிலோ பட்டியல் வந்து, மொழித் தேர்வும் முடிந்து, நிறுவியின் கூறுகளை வட்டிலிருந்து ஏற்றும் கட்டத்தில் டிரைவ் கிர்ரெனச் சுழன்று அடங்கி, மீண்டும் சுழன்று, கடைசியில் வாசிப்புப் பிழையைக் காட்டுகிறது. ஒரு வாரமாக இதே நிலை.

லென்ஸை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன், வேறு நிறுவன வட்டிலும் எழுதிப் பார்த்தேன், பயனில்லை. கடையில் வாங்கிய திரைப்பட டிவிடிகளை மட்டும் இதே டிரைவ் இன்றும் தடங்கலின்றி ஓட்டுகிறது. எழுதும் வட்டுகளின் ஒளிபிரதிபலிப்பு குறைவு என்பதால் லேசர் தேய்ந்திருக்கலாம் என்பது என் ஊகம். மதுரைக் கடைகளில் இந்த மாதிரிக்கான ஐடிஇ (பழைய இணைப்பு வகை) டிரைவ் கிடைக்கவில்லை.

டிவிடி+ஆர் வட்டை, புக் டைப்பை (வட்டு தன் வகையை டிரைவுக்குச் சொல்லும் குறியீட்டை) டிவிடி-ரோம் என மாற்றி எழுதினால் இத்தகைய பழைய டிரைவ் அதைப் படித்துவிடுமா?