மால்மோவா, உமியோவா: குடும்பத்தோடு வாழ எது உகந்தது?

நோர்வூட் அக்கா:
என் தம்பிக்கு சுவீடனில் கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு இரண்டு அழைப்புகள் வந்திருக்கின்றன. ஒன்று தெற்குக் கோடியிலுள்ள மால்மோவில், மற்றது வடக்கே உமியோவில். அங்கே ஆய்வு மாணவருக்குச் சம்பளம் உண்டு என்பதால், மனைவியையும் இரண்டு வயது மகளையும் கூட்டிச் செல்லவிருக்கிறார். அம்மா கொழுந்து பறித்துப் படிக்கவைத்த பிள்ளை. மாதக் கடைசியில் அவருக்கும் ஏதேனும் அனுப்பும்படி எந்த ஊரில் காசு மிஞ்சும்? வாழ்ந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டகலை அண்ணன்:
தங்கச்சி, உமியோவில் நான்கு வருடம் குடும்பத்தோடு இருந்தேன். பிள்ளைக்கான செலவில் பெரிய வேறுபாடு இல்லை. மாதம் 1,250 குரோனா பிள்ளைக் கொடுப்பனவு நாடெங்கும் ஒன்றே. பாலர் பாடசாலைக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு. உள்ளூர் வருமான வரி மால்மோவில் ஏறத்தாழ 32 சதவீதம், உமியோவில் 34க்கு மேல். மின்சாரத்தில் நிலைமை நேர்மாறு. 2011 முதல் சுவீடன் நான்கு மின்விலை வலயங்களாகப் பிரிந்திருக்கிறது. வடக்கு ஆறுகளின் நீர்மின்சாரம் முழுவதையும் தெற்கே கொண்டுசெல்ல மின்கம்பிகள் போதாததால், மால்மோவில் விலை பெரும்பாலும் கூடுதல். லக்ஷபான மின்நிலையத்தை அண்டிய லயங்களில் குப்பி விளக்கில் படித்த எனக்கு, மின்சாரம் பிறக்கும் இடத்திலேயே அது மலிவு என்பது மனதைத் தொட்டது. ஆனாலும் அடுக்குமாடிகளில் வீட்டைச் சூடாக்கும் செலவு பொதுவாக வாடகையிலேயே அடங்கிவிடுவதால், இந்த வேறுபாடு தனிவீட்டுக்காரரையே அதிகம் தாக்கும்.

குளிருக்கு அஞ்ச வேண்டாம். நுவரெலியாவில் நாம் வீட்டுக்குள்ளேயே கம்பளி போர்த்தி நடுங்குகிறோம். அங்கே வீட்டுக்குள் மெல்லிய சட்டை போதும். கடினமானது இருட்டுதான். டிசம்பரில் பகல் இரண்டு மணியளவில் பொழுது சாய்ந்துவிடும். மகனைப் பாலர் பாடசாலையிலிருந்து கூட்டிவரும்போது, அவன் குளிரங்கியில் தைத்த மின்னும் பட்டை மட்டுமே எனக்குத் தெரியும்.

பண்டாரவளை ஆசிரியை:
நாங்கள் மால்மோவில் இருந்தோம். என் அனுபவத்தில் வரியையும் மின்கட்டணத்தையும்விடக் காசைத் தின்றது வீடுதான். நிரந்தர ஒப்பந்த வீட்டுக்குப் பெயர் பதிந்து வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். புதிதாக வருபவருக்குக் கிடைப்பது இன்னொரு வாடகைக்காரர் குறுகிய காலத்துக்குக் கைமாற்றிக் கொடுக்கும் வீடு. இரண்டு வருடத்தில் மூன்று முறை சாமான் கட்டினோம். ஆகவே வீட்டுக்கு எந்தப் பல்கலைக்கழகம் உறுதி தருகிறது என்று தம்பி முதலில் கேட்கட்டும்.

மொல்லெவோங் சதுக்கச் சந்தையில் காய்கறி மலிவு, அருகிலுள்ள கடைகளில் பருப்பும் மிளகாய்த்தூளும் கிடைக்கும். 2000இல் திறந்த ஒரேசுண்ட் பாலத்தின் வழியே கோபன்ஹேகன் மிக அருகில்தான். ஆனால் தம்பியின் மனைவி அங்கே வேலை செய்ய டென்மார்க்கின் தனி அனுமதி வேண்டும். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

நோர்வூட் அக்கா:
இருவருக்கும் நன்றி. வீட்டைப் பற்றித் தம்பி இன்றே இரண்டு இடத்துக்கும் எழுதுகிறார். அண்ணா, உமியோவில் தம்பியின் மனைவி சுவீடிய மொழி படிக்கச் செலவாகுமா?

கொட்டகலை அண்ணன்:
இல்லை தங்கச்சி. குடியேறியவர்களுக்கான மொழி வகுப்பு எல்லா ஊர்களிலும் இலவசம். வதிவிடப் பதிவு முடிந்ததும் அவரும் பெயர் கொடுக்கலாம்.