லாஷிங்: தமிழில் என்ன சொல்லலாம்? (துண்டறிக்கை, அவசரம்)

நெய்தல் எழுதியது:

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கப்பல் பணியாளர்களுக்கான ஒரு துண்டறிக்கையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது, லாஷிங் என்ற ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கப்பலின் மேல்தளத்தில் அடுக்கிய சரக்குப் பெட்டகங்கள் அலையில் சரியாமலிருக்க, நீண்ட இரும்புத் தண்டுகளைக் குறுக்காகக் கொடுத்து டர்ன்பக்கிள் என்ற திருகு கருவியால் இறுக்குவார்கள். சரக்கை இறக்கும்போது அத்தனையையும் அவிழ்க்க வேண்டும். இது துறைமுகத் தொழிலாளர் வேலை. ஆனால் பெரிய துறைமுகத்திலிருந்து சிறிய துறைமுகங்களுக்கு ஓடும் ஃபீடர் கப்பல்களில், நேரத்தையும் கூலியையும் மிச்சம் பிடிக்க மாலுமிகளையே செய்ய வைக்கிறார்கள். சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு, அதாவது ஐடிஎஃப், இதை எதிர்த்து இயக்கம் நடத்தி, கப்பல் முதலாளிகளுடன் போட்ட கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு விதியைக் கொண்டுவந்தது. 2020 ஜனவரி 1 முதல் நடைமுறை. கப்பல் நிற்கும் துறைமுகத்தின் தொழிலாளர் சங்கம் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளாமல் மாலுமியை அந்த வேலைக்கு இறக்கக்கூடாது. ஒப்புக்கொண்டாலும் மாலுமி தானாக முன்வர வேண்டும், தனி ஊதியமும் தர வேண்டும்.

இப்போதைக்குப் 'பிணைப்பு' என்று போட்டிருக்கிறேன். மனதுக்கு ஒட்டவில்லை.

தொல்லாசான் எழுதியது:

பிணைப்பு வேண்டாம் அம்மா. பள்ளிப் பாடநூலில் அது வேதியியலுக்குப் போய்விட்டது. பிணை என்றால் நீதிமன்றம், பிணைக்கைதி என்றால் கடற்கொள்ளை. மாலுமி கையில் கொடுக்கும் தாளில் அந்தச் சொல் வரவே கூடாது. தளை நல்ல சொல்தான், ஆனால் தொழிலாளர் அறிக்கையில் போட்டால் விலங்கு என்றே படிப்பார்கள்.

என் முன்மொழிவு யாப்பு. யாத்தல் என்றால் கட்டுதல். எலும்பும் தசையும் சேர்த்துக் கட்டியதால் உடம்பு யாக்கை. அசையும் சீரும் சேர்த்துக் கட்டியதால் செய்யுள் யாப்பு. யகரம் கெட்டு ஆப்பு என்றாகியும் கட்டு என்ற பொருளில் அகராதியில் இருக்கிறது. ஒரு வேரைப் பிடித்தால் குடும்பமே கிடைக்கும்: யாப்புத்தண்டு, யாப்பாளர், யாப்பவிழ்ப்பு. 'நீரினின்றும் நிலத்து ஏற்றவும் நிலத்தினின்று நீர்ப் பரப்பவும்' என்று ஏற்றுமதி இறக்குமதியைப் பட்டினப்பாலையில் பாடிவைத்த மொழி இது. இதற்குப் போய் இரவல் வாங்க வேண்டுமா?

கொற்கை எழுதியது:

புலவர் ஐயாவுக்கு வணக்கம். நான் துறைமுகத்திலேயே காலம் தள்ளியவன். எங்கள் ஆட்கள் 'லாஷிங் போட்டாச்சா, லாஷிங் எடுத்தாச்சா' என்றுதான் கேட்பார்கள். யாப்பு என்று கூப்பிட்டால் ஒருத்தருக்கும் புரியாது.

அந்த வேலை எப்படி என்று சொல்லிவிடுகிறேன், சொல் தேடுகிறவர்களுக்கு உதவும். தண்டு ஆளை விட நீளம், நல்ல கனம். அதைச் செங்குத்தாகத் தூக்கி, அதன் நுனியை மேலடுக்குப் பெட்டகத்தின் மூலைத் துளையில் செருக வேண்டும். அண்ணாந்து பார்த்துக்கொண்டு, நுனி காற்றில் ஆட ஆட, துளையைத் தேட வேண்டும். கையுறையில் கிரீஸ். நிற்பது இரண்டு அடுக்குக்கு நடுவே குறுகலான வழி. நழுவினால் தண்டு பக்கத்தில் நிற்பவன் மேல் விழும். மழையிலும் இதே வேலைதான். இதற்கென்று பழகியவன்தான் செய்ய வேண்டும் என்று சங்கம் சொல்வது வெறும் கூலிப் பிரச்சினை இல்லை.

லாஷிங் வேண்டாமென்றால் 'கட்டு' போதும். கட்டுமரம் கட்டிய ஊர்க்காரர்கள் நாம், வேறு சொல் எதற்கு?

யாழ்வாடி எழுதியது:

அண்ணாச்சி சொல்வது பேச்சில் சரி. ஆனால் நான் ரொட்டர்டாமில் இருக்கிறேன், கப்பலில் வரும் தமிழ்ப் பெடியன்களோடு கதைப்பதுண்டு. 'கட்டு வேலை' என்றால் அவர்களுக்கு முதலில் விளங்குவது கப்பலைக் கரையில் கட்டுவதுதான். அது மாலுமியின் வேலை, மறுக்க முடியாது. 'கட்டு வேலை உங்களுடையதல்ல' என்று அச்சடித்துக் கொடுத்து, ஒருவன் கரை அணையும் நேரத்தில் கயிற்றைத் தொடமாட்டேன் என்று நின்றால், கப்டனிடம் அவன்தான் மாட்டிக்கொள்வான். கப்பல் கட்டுவது என்றால் கப்பலை உருவாக்குவதும் ஆகும்.

இன்னொன்று. இங்கே பெரிய ஆபத்து கட்டுவதைவிட அவிழ்ப்பதில். கரையில் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க, கப்பல் துறைமுகத்தை நெருங்கும்போதே, ஓட்டத்திலேயே, அவிழ்க்கச் சொல்கிறார்கள். பெட்டிகள் பிடிமானமில்லாமல் நிற்க, நடுவில் ஆள் நிற்கிறான். முதல் நாள் இரவு காவல் பார்த்தவனும் அவனே. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு கேட்கிறது. ஒரு துறைமுகம் விட்டு அடுத்த துறைமுகம் என்று ஓடும் சிறிய கப்பலில் அந்த ஓய்வு எங்கிருந்து வரும்? சொல் இரண்டையும் அடக்க வேண்டும், போடுவதையும் கழற்றுவதையும்.

சுருள்வில் எழுதியது:

பொறியியல் பக்கத்திலிருந்து இரண்டு எச்சரிக்கைகள். 'கட்டுக்கம்பி' என்று எழுதிவிடாதீர்கள், கட்டடத் தொழிலில் அது முறுக்குக் கம்பிகளைச் சேர்த்துக் கட்டும் மெல்லிய கம்பி. 'தண்டு' சரி. டர்ன்பக்கிளுக்கு 'முடுக்கி' என்று யாராவது சொல்வார்கள். இயற்பியலில் துகள் முடுக்கி இருக்கிறது. 'இறுக்கி' என்றால் போதும். பெட்டக மூலைகளில் போடும் ட்விஸ்ட்லாக்குக்குத் 'திருகுபூட்டு' ஏற்கெனவே புழங்குகிறது.

லாஷிங்குக்குச் 'சரக்குக்கட்டு'. கப்பலைக் கட்டுவதோடு குழம்பாது. அவிழ்ப்பதற்குச் 'சரக்குக்கட்டு அவிழ்ப்பு'.

தொல்லாசான் எழுதியது:

சரக்குக்கட்டு என்றால் கட்டிவைத்த சரக்கு மூட்டை என்றும் பொருள்படும். விறகுக்கட்டு, புல்லுக்கட்டு என்பவற்றை நினைத்துப் பாருங்கள். தொழிற்பெயரா ஆகுபெயரா என்று தெரியாத சொல் கலைச்சொல் ஆகாது.

டாக்கர் என்பதற்குத் 'துறைமுகத் தொழிலாளர்' என்று நீட்டி முழக்குவதையும் யோசியுங்கள். 'துறைஞர்' என்றால் என்ன? வலைஞர், கலைஞர் போல.

கொற்கை எழுதியது:

துறைஞர் அழகாக இருக்கிறது ஐயா, ஆனால் தொழிலாளர் என்ற சொல்லை விட்டுவிட எனக்கு மனமில்லை. இங்கே இந்தியாவில் துறைமுகத் தொழிலாளருக்கான 1948 சட்டம் வந்து, தொழிலாளர் வாரியம் அமைந்து, பதிவு அட்டை கிடைப்பதற்கு முன்னால், துறைமுக வாசலில் நிற்கிறவர்களில் அன்றைக்கு யாரைக் கைகாட்டுகிறார்களோ அவருக்குத்தான் வேலை. லண்டனிலும் அப்படித்தான் இருந்தது. 1889 வேலைநிறுத்தத்தில் மணிக்கு ஆறு பென்ஸும், கூப்பிட்டால் குறைந்தது நான்கு மணி நேர வேலையும் கேட்டார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து 30,000 பவுண்டுக்கு மேல் நன்கொடை வந்துதான் தாக்குப்பிடித்தார்கள். அதை முன்னின்று நடத்திய பென் டில்லெட், டாம் மான் இருவரும் 1896-இல் ஐடிஎஃப் உருவானபோதும் இருந்தார்கள். கூலி என்று அழைக்கப்பட்டவர்கள் தொழிலாளர் என்ற பெயரைப் போராடித்தான் வாங்கினார்கள்.

யாழ்வாடி எழுதியது:

இந்தத் துண்டறிக்கைக்கு அந்தச் சொல் இன்னொரு வகையிலும் தேவை. துறைமுக வேலையின் பாதுகாப்புப் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) 152-ஆம் உடன்படிக்கை (1979), ஏற்றுவதும் இறக்குவதும் அதைச் சார்ந்த எந்த வேலையும் துறைமுக வேலையே என்கிறது. சார்ந்த வேலை என்பதில்தான் லாஷிங்கும் அடங்கும். தமிழிலும் அந்தத் தொடர்பு தெரிய வேண்டும். ஆகவே சரக்குக்கட்டு எனக்குச் சம்மதம். புலவர் ஐயாவின் மூட்டைச் சந்தேகம், பக்கத்தில் 'வேலை' என்று சேர்த்தால் தீரும்.

சென்ற ஆண்டு, கப்பலை வேறு நாட்டுக் கொடியின் கீழ் ஓட்டுவதற்கு வசதிக்கொடியா இரவல் கொடியா என்று இழுத்தடித்ததைப் போல இதையும் இழுக்க வேண்டாம். வெள்ளி வந்துவிடும்.

நெய்தல் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கேப்டனிடம் மாட்டிக்கொள்ளும் ஆபத்தை யாழ்வாடி சொல்லியிராவிட்டால் நான் 'கட்டு வேலை' என்றே அச்சுக்கு அனுப்பியிருப்பேன். தலைப்பில் 'சரக்குக்கட்டு வேலை மாலுமி வேலையல்ல' என்று வருகிறது. கீழே முதல் வரியிலேயே லாஷிங் என்று தமிழ் எழுத்தில் எழுதி, போடுவதும் கழற்றுவதும் இரண்டும் சேர்த்துத்தான் என்று சொல்லிவிட்டேன். பிறகு அறிக்கை முழுக்க லாஷிங்தான். கப்பலில் மேற்பார்வையாளர் வாயிலிருந்து வரும் சொல் அது, அதைக் கேட்ட உடனே இந்தத் தாள் நினைவுக்கு வர வேண்டும். தண்டு, இறுக்கி, திருகுபூட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டேன்.

துறைஞரை எடுக்கவில்லை ஐயா, மன்னிக்கவும்.

தொல்லாசான் எழுதியது:

அச்சுக்குப் போகட்டும் அம்மா, மாலுமிகளுக்குப் பயன்பட்டால் மகிழ்ச்சி. ஆனால் குழுமத்தின் சொற்பட்டியலில் லாஷிங்குக்கு நேரே சரக்குக்கட்டு ஒன்றை மட்டும் ஏற்றுவதற்கு நான் உடன்படவில்லை. யாப்பையும் பக்கத்தில் வையுங்கள். பாடநூலுக்கு ஒரு நாள் வினையாகவும் பெயராகவும் வளைந்துகொடுக்கிற சொல் தேவைப்படும். சரக்குக்கட்டிலிருந்து வினையை எப்படி ஆக்குவீர்கள் என்று சுருள்வில் இன்னும் பதில் சொல்லவில்லை.