பொருள்: ஹாம்ஸ்ட்ரிங் – தமிழில் என்ன எழுதலாம்? (அவசரம்)

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
அனைவருக்கும் வணக்கம். பள்ளிக் கால்பந்துப் பயிற்சியாளர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஹாம்ஸ்ட்ரிங்கில் வந்து நிற்கிறேன். தொடையின் பின்பக்கத்தில், உட்காரும் எலும்பிலிருந்து முழங்காலைத் தாண்டிப் பற்றும் மூன்று தசைகள். பத்திரிகைகள் 'தொடைத் தசைப்பிடிப்பு' என்கின்றன. பிடிப்பு, காலை நீட்டிவிட்டால் சில நிமிடத்தில் விடும். இது தசை கிழிவது, ஆற வாரக்கணக்காகும். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் பையன் மறுநாளே ஓடுவான்.

தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்:
தொடைக்குப் பழஞ்சொல் குறங்கு. பொருநராற்றுப்படையில் பாடினியின் தொடையைப் பிடியின் துதிக்கையோடு ஒப்பிடும் இடத்தில் வருகிறது. கவான் என்றும் உண்டு. கவை, கவடு, கவட்டை எல்லாம் இதே வேர் என்பது என் துணிபு. இரண்டு கால் கவைத்துப் பிரியும் இடம்தானே! 'பிற்குறங்குத் தசை' என்று எழுதுங்கள். 'பின்தொடை' வேண்டாம், னகரத்தின் முன் தகரம் றகரமாகும் என்பது நன்னூல். பின்றொடை என்றுதான் வர வேண்டும்.

பயிற்றுநர், யாழ்ப்பாணம்:
ஐயா, குறங்கு என்று அச்சடித்தால் எங்கள் பொடியன்கள் குரங்கு என்றுதான் வாசிப்பார்கள். 'பின்தொடர்கிறான்' என்று எல்லோரும் எழுதுகிறோம், 'பின்றொடர்கிறான்' என்று யார் எழுதுகிறார்கள்? இன்னொரு வேண்டுகோள்: அட்டையில் 'உதைபந்தாட்டம்' என்றும் போடுங்கள். இங்கே அதுதான் சொல்.

இயன்முறை மருத்துவர், மதுரை:
களத்தில் கேட்பதைச் சொல்கிறேன். முழு வேக ஓட்டத்தில், முன்னே வீசிய கால் தரையைத் தொடப்போகும் நொடியில்தான் பெரும்பாலும் கிழிகிறது. தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிற நேரம் அது. பையன் தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவான். 'நரம்பு இழுத்துடுச்சு சார்' என்பான். நரம்பு என்றதும் வீட்டில் எண்ணெய் போட்டு நீவக் கூட்டிப் போகிறார்கள். புதிதாகக் கிழிந்த தசையை அழுத்தி நீவினால் இரத்தக்கசிவு கூடும். அதனால் 'நரம்பு' மட்டும் கையேட்டில் வரவே கூடாது. முதல் சில நாள் ஐஸ், அழுத்துக்கட்டு, வலி தாங்கும் அளவுக்கு நடை. அப்புறம் தசைக்குப் படிப்படியாகச் சுமை. முழு வேக ஓட்டம் வலியில்லாமல் வந்த பிறகே ஆட்டம். ஒருமுறை கிழிந்தவருக்கு மறுபடி கிழியும் வாய்ப்பு அதிகம்.

தடுப்புக்கு ஃபிஃபா 11+ பயிற்சித் தொகுப்பிலுள்ள நார்டிக் பயிற்சியைக் கட்டாயம் சேருங்கள். மண்டியிட்டவனின் கணுக்கால்களைக் கூட்டாளி அழுத்திப் பிடிக்க, முழங்காலிலிருந்து தலைவரை வளையாமல் மெல்ல முன்னே சாய வேண்டும். தாங்க முடியாத இடத்தில் கையை ஊன்றலாம். தொடக்கத்தில் 3 முதல் 5 முறை போதும். இதைச் செய்யும் அணிகளில் ஹாம்ஸ்ட்ரிங் காயம் ஏறக்குறைய பாதியாகிறது என்கிறது 2019இல் வந்த தொகுப்பாய்வு. ஆனாலும் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஏஃபாவின் ஆய்வில், ஐரோப்பாவின் பெரிய கழகங்களில் 2001-02இல் மொத்தக் காயங்களில் 12 விழுக்காடாக இருந்த இந்தக் காயம் 2021-22இல் 24 ஆகிவிட்டது. விடாமல் செய்ய வைப்பதுதான் பெரும்பாடு.

சொல்லுக்கு வருகிறேன். ஆட்டக்காரர்கள் 'பின்னந்தொடை' என்கிறார்கள். அதையே வைக்கலாமே?

தமிழாசிரியர், தஞ்சாவூர்:
பின்னங்கால் மாட்டுக்கு. மனிதனுக்கு ஏது முன்னந்தொடை?

பயிற்றுநர், யாழ்ப்பாணம்:
பின்னந்தலை மனிதனுக்குத்தானே ஐயா. என் வாக்கு பின்னந்தொடைக்கு.

கணினியர், சிங்கப்பூர்:
'தொடைநாண்' என்று ஒரு முன்மொழிவு. நாண் வில்லுக்கும் உண்டு, தசைநாணிலும் உண்டு. தொடை என்பது அம்பு தொடுத்தலுமாகும். தசை மட்டுமல்ல, எலும்பைப் பற்றியிருக்கும் நாணே பிய்ந்துவரும் காயமும் உண்டே. அதற்குச் சிலருக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படும். 'தசை' என்று முடித்தால் அது விடுபடுகிறது.

இயன்முறை மருத்துவர், மதுரை:
அழகான சொல்தான். ஆனால் பத்தாம் வகுப்புப் பையனுக்குத் தொடைநாண் எது என்று படம் போட்டுக் காட்ட வேண்டும். பின்னந்தொடை என்றால் கையை அங்கேயே வைப்பான். நாண் பிய்வதைத் தனிப் பத்தியில் விளக்கிவிடலாம்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
நேரமில்லை. 'பின்னந்தொடைத் தசைகள்', காயத்துக்குப் 'பின்னந்தொடைத் தசைக் கிழிவு' என்று எழுதிவிடுகிறேன். உதைபந்தாட்டம் அட்டையில் வரும். எல்லோருக்கும் நன்றி.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:
அச்சிடுங்கள். சொற்பட்டியலிலாவது பிற்குறங்கையும் தொடைநாணையும் சேர்த்து வையுங்கள். கவான் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.