கடல் காத்ததா, பதிவேடு காத்ததா?

பாலாற்றங்கரையான்: ‘நாட்டின் துயர வரலாற்றைக் கடல்தான் காத்து வைத்திருக்கிறது’ என்று கோட்டைவாசல் ஐயா நேற்று எழுதியதைப் படித்து எரிச்சலே வந்தது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் சேர்ந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் 342 பேர் என்பதைப் பதிவேடு சொல்கிறது. பெயர், தகப்பன் பெயர், ஊர், தாலுகா, உடம்பிலிருந்த தழும்பு வரை எழுதி வைத்தவர்கள் குமாஸ்தாக்கள், அலைகள் அல்ல.

கோட்டைவாசல்: தம்பி, 342 என்பது கரையிறங்கியவர்களின் கணக்கு. இத்தகைய பயணங்களில் வழியில் மாண்டவர்களைக் கடலில்தான் போட்டார்கள். அவர்களுக்குச் சமாதியும் இல்லை, திதி கொடுக்க ஆளும் இல்லை. ட்ரூரோவுக்குப் பத்து நாள் பின்னால் கல்கத்தாவிலிருந்து வந்து சேர்ந்த பெல்வெடேர் கப்பலில் காலரா என்ன செய்தது என்று படித்துவிட்டு வாருங்கள். 1911 வரை டர்பன் அடங்கிய நேட்டாலுக்குப் போன ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பட்டியல்களில் நம் வட ஆற்காடு எத்தனை முறை வருகிறது என்பதையும் பாருங்கள்.

பாலாற்றங்கரையான்: பட்டியலைப் பார்க்கச் சொல்லும்போதே என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள். கப்பலில் இறந்தவர்களையும் மருத்துவர் குறித்து வைத்தார், அதுவும் தாள்தான்.

கோட்டைவாசல்: 342 இறங்கியவர் கணக்கா, ஏறியவர் கணக்கா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

ஆரணியான்: டர்பன் வரை போவானேன்? 1815இல் பிடிபட்ட கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரைக் கடல் கடத்திக் கொண்டுவந்து, 1832இல் அவர் இறக்கும்வரை நம் வேலூர்க் கோட்டையில்தானே வைத்திருந்தார்கள்? அவருடைய சமாதி பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் இருக்கிறது. இலங்கையின் அந்தத் துயரத்தைக் காப்பது நம் மண்.

கோட்டைவாசல்: பட்டு நெய்யும் ஊரிலிருந்து வந்தும் இழை பிடிக்கத் தெரியவில்லையே! மன்னர் கரையிறங்கியவர், நான் பேசுவது இறங்காதவர்களைப் பற்றி. 342 பேரைப் பற்றிக் கேட்டால் மண்டபத்தைக் காட்டுகிறீர்கள்.

ஆரணியான்: எங்கள் ஊர்த் தறியை இழுக்காமல் உங்களால் ஒரு வரி எழுத முடியாதா?

பாலாற்றங்கரையான்: 1806 சிப்பாய்ப் புரட்சி விவாதத்திலும் ஐயா இப்படித்தான் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் விரட்டினார்.

குடியாத்தத்தான்: பாலாறே வாயலூர்க் கடலைப் பார்ப்பது அபூர்வம். வேலூர்க்காரர்களுக்குக் கடலைப் பற்றி இவ்வளவு பெரிய சண்டையா?

கோட்டைவாசல்: 1806ஐ இழுத்தவருக்குத் தனி இழையில் பதில் உண்டு. குடியாத்தத்தாருக்குக் கேலி ஒன்றுதான் வரும். 342 இறங்கியவர் கணக்கு என்பதை மறுக்க ஒருவருக்கும் வாய் வரவில்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

பாலாற்றங்கரையான்: பதிவு செய்யுங்கள் ஐயா, நான் சொல்வதும் அதைத்தான்.