மலாய்க்காரர் நோன்புப் பெருநாள் சாப்பாடு: திருப்பூரில் செய்ய முடிவது எது?

கேட்டவர்: அவிநாசி ரோடு அம்மணி

வீட்டுக்காரர் பனியன் கம்பெனிக்கு மலேசியாவிலிருந்து ஒரு பெண் வந்து தங்கியிருக்கிறார். சரக்கு ஏறுவதற்கு முன் தரம் பார்க்கிற வேலை. பேராக் மாநிலத்து மலாய் முஸ்லிம். ஷிப்மென்ட் தேதி நெருங்கியதால் பெருநாளுக்கு ஊர் போக முடியவில்லை. அன்றைக்கு மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிடச் சொல்லியிருக்கிறேன். பிரியாணியும் தால்ச்சாவும் போட்டு அனுப்ப மனசு வரவில்லைங்க. நோன்பு மாதம் பூராவும் அவர் வாயில் கெத்துப்பாட் (ஓலைப் பெட்டியில் வேகும் சோற்றுக் கட்டி), ரெண்டாங் (தேங்காய்ப்பாலில் வற்ற வைத்த கறி), லெமாங் (மூங்கில் குழாய்ச் சோறு) என்றுதான் வருகிறது. யூட்யூபில் பார்த்தால் ஆளுக்கொரு விதமாகச் செய்கிறார்கள், சாமான் பேரே பாதி புரியவில்லை.

இதில் எதை இங்கே கிடைக்கிற சாமானில் செய்யலாம்? கோழி வாங்கிப் பொரித்து, அப்புறம் ரெண்டாங் மசாலாவில் புரட்டினால் வேலை சீக்கிரம் முடியாதா? இன்னொன்று, மாமியார் சுத்த சைவம். அவரும் அதே பந்தியில் உட்காருவார், அவருக்கும் ஏதாவது இருக்க வேண்டும்.

நொய்யல்கரை:

எதுக்குங்க இத்தனை சிரமம்? கோயமுத்தூர் கோட்டைமேட்டில் பிரியாணி சொல்லி வைத்தால் வேலை முடிந்தது. அந்தம்மா அதைச் சாப்பிட்டுவிட்டு ஊருக்கே வரமாட்டேன் என்று சொல்லிவிடும்.

கோபிக்காரி:

அம்மணி, நொய்யல்கரை சொல்வதைக் கேட்காதீங்க. பிரியாணியை அந்தப் பெண் தினமும் சாப்பிட்டுச் சலித்திருப்பார்.

வீட்டுக்காரர் வேலையாக நாங்கள் ஈப்போவில் ரொம்ப வருஷம் இருந்தோம். ஈப்போ பேராக் மாநிலத்தில்தான் இருக்கிறது, அதனால் உங்கள் விருந்தாளி நாக்கு எதைத் தேடும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். பக்கத்து வீட்டு மாச்சிக் (நாம் அத்தை என்கிற மாதிரி) பெருநாளுக்கு முந்தின நாள் அடுப்பில் சட்டி வைத்தால் இராத்திரிதான் இறக்குவார். நான் சொல்வது ஒன்றே ஒன்று: நாலு பண்டம் செய்ய ஆசைப்படாதீங்க. ரெண்டாங்குக்கு மட்டும் முழு நேரம் கொடுங்க. மற்றதெல்லாம் அதற்குத் துணை.

கோழியைப் பொரித்து மசாலாவில் புரட்டுகிற யோசனையை இப்போதே விட்டுவிடுங்க. 2018இல் இங்கிலாந்து டிவி சமையல் போட்டி ஒன்றில், மலேசியப் பெண் செய்த கோழி ரெண்டாங்கில் தோல் மொறுமொறுப்பாக இல்லை என்று நடுவர் குறை சொல்லப் போய், மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் என்று ஒரே கொந்தளிப்பு. ரெண்டாங்கில் மொறுமொறுப்புக்கு வேலையே இல்லை. கறி தேங்காய்ப்பாலிலேயே வெந்து, பால் வற்றி, கடைசியில் பிரிந்து வருகிற எண்ணெயிலேயே வறுபட வேண்டும். இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் வாழும் மினாங்கபாவ் மக்கள் சமையல் அது, வாரக்கணக்கில் கெடாமல் இருக்கத்தான் அப்படி வற்ற வைத்தார்கள். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் காரமாக, மஞ்சளாகச் செய்வார்கள். பேராக்கில் ரெண்டாங் தோக் என்று நன்றாக உலர்ந்து கருத்த பதம். உங்களுக்கு வேண்டியது இந்தக் கடைசி வகை. கொத்தமல்லி, சீரகம், சோம்பு இதில் சேரும், அதனால் நம் கைக்கும் இது சுலபம்.

ஒரு கிலோ வெள்ளாட்டுக் கறிக்கு (அங்கே மாட்டுக்கறிதான் வழக்கம், உங்கள் வீட்டுக்கு ஆடே போதும்) ரெண்டு பெரிய தேங்காய்ப் பால். பொள்ளாச்சிக் காயாக இருந்தால் நல்லது. சின்ன வெங்காயம் இருபது, வரமிளகாய் பதினைந்து, பூண்டு, இஞ்சி, பச்சை மஞ்சள் ஒரு விரல் நீளம், எலுமிச்சம்புல் நாலு தண்டின் வெள்ளை அடிப்பகுதி, பேரரத்தை ஒரு துண்டு எல்லாவற்றையும் அரைத்துக்கொள்ளுங்க. பேரரத்தை நாட்டு மருந்துக் கடையில் காய்ந்துதான் கிடைக்கும். வெந்நீரில் ஊற வைத்து, சொன்னதில் பாதி போடுங்க, இல்லாவிட்டால் கஷாய வாடை வரும். புளிப்புக்கு அங்கே ஆசாம் கெப்பிங் என்று காய்ந்த பழத்துண்டு போடுவார்கள். நம் குடம்புளி அதன் தாயாதி, சின்னத் துண்டு ஒன்று போதும். தக்காளி கூடவே கூடாது. இனிப்புக்குத் தென்னங் கருப்பட்டி துளி, கிடைக்காவிட்டால் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை.

இனி கெரிசிக். அரை மூடித் தேங்காயைத் துருவி, எண்ணெய் விடாமல் சிறு தீயில் நல்ல பழுப்பாகும்வரை வறுத்து, சூட்டோடு உரலில் இடியுங்க. முதலில் பொடியாகும், விடாமல் இடித்தால் எண்ணெய் கசிந்து விழுதாக மாறும். காங்கயத்துக் கொப்பரையில் செய்யலாமே என்று தோன்றும், வேண்டாம், சிக்கு வாடை அடிக்கும். பச்சைத் தேங்காயே ஆகட்டும். இந்த விழுதைக் கறி முக்கால்வாசி வற்றியபின் போட வேண்டும்.

கடைசியாக மஞ்சள் இலை. மெல்லிசாக நறுக்கி மேலே தூவிக் கிளறினால்தான் அந்த வாசனை வரும். ஈரோட்டு மஞ்சள் ஊரில் உட்கார்ந்துகொண்டு இதற்கு அலைய வேண்டியிருப்பது வேடிக்கை! பெருநாள் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்கிறது, இப்போது மார்ச்சில் வருகிறது. தை, மாசியில் மஞ்சள் வெட்டு நடந்துவிடும், தழை காய்ந்துபோயிருக்கும். நான் மார்கழியிலேயே தோட்டத்தில் பச்சை இலை பறித்துச் சுருட்டி ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். உங்களுக்கு வேண்டுமென்றால் கோபி–திருப்பூர் பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன்.

சட்டி விஷயம்: அகலமான இரும்புச் சட்டி, சிறு தீ. ஆடு என்றால் ரெண்டு ரெண்டரை மணி நேரம். குக்கரில் வைத்தால் வேகும், ரெண்டாங் ஆகாது.

லெமாங்கை மறந்துவிடுங்க. மூங்கில் குழாய்க்குள் வாழையிலை சுற்றி, ஒட்டரிசியும் தேங்காய்ப்பாலும் ஊற்றி, தணல் ஓரம் சாய்த்து நாலைந்து மணி நேரம் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் செய்தால் அசோசியேஷன் கூடிவிடும்.

அவிநாசி ரோடு அம்மணி:

கோபி அக்கா, இலை கட்டாயம் வேணுங்க. கறியோடு சாப்பிட சோறு போதுமா, கெத்துப்பாட் இருந்தே ஆகணுமா? தென்னங்குருத்துப் பின்னல் வீடியோவைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது.

பள்ளப்பட்டியான்:

அக்கா, ரெண்டு விஷயம் சொல்லிக்கிறேன். கறியை ஹலாலாக அறுக்கிற கடையில் வாங்குங்க, அதை அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லியும் விடுங்க. கேட்க அவங்க கூச்சப்படலாம். அப்புறம், தேதி. அங்கே ஒரு நாள், இங்கே ஒரு நாள் என்று ஆகும். 2024இல் மலேசியாவில் ஏப்ரல் 10, நம் ஊரில் 11. இங்கே இருப்பவர் பெரும்பாலும் இங்கத்துப் பிறைப்படிதான் நோன்பை விடுவார், ஆனாலும் கேட்டுக்கொள்வது நல்லது. பிறை தெரிவது முந்தின நாள் மஃரிபுக்கு (அந்தித் தொழுகை) அப்புறம்தான். நீங்கள் இருபத்தொன்பதாம் நோன்பன்றைக்கே கறி வாங்கிச் சமைத்துவிட்டு முழிக்காதீங்க. தேங்காய், மசாலா எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு, பிறை அறிவிப்பு வந்ததும் அடுப்பைப் பற்ற வையுங்க.

கோபிக்காரி:

பள்ளப்பட்டித் தம்பி சொன்னது சரி. அங்கேயும் அந்த இராத்திரி வீட்டில் யாரும் தூங்கமாட்டார்கள்.

அம்மணி, வெறும் சோறு வேண்டாம். கெத்துப்பாட்டுக்குக் குருத்தோலைப் பெட்டியில் பாதிக்கும் குறைவாக அரிசி போட்டு, தண்ணீரில் முழுக மூழ்கடித்து நாலைந்து மணி நேரம் வேக வைப்பார்கள். அரிசி ஊதி, ஓலைக்குள் நெருங்கிக் கட்டியாகிவிடும். உங்கள் ஊரில் கல்யாணத்துக்குக் குருத்தோலைத் தோரணம் கட்டுகிறவர் யாராவது இருந்தால் வீடியோவைக் காட்டுங்க, கிளி பின்னுகிற கைக்கு இது பெரிய காரியமில்லை. ஆள் கிடைக்காவிட்டால் நாசி இம்பிட். மலாய் வீடுகளிலேயே பல பேர் இப்போது அதுதான். பச்சரிசியைக் குழைய வேக வைத்து, சூட்டிலேயே கரண்டியால் மசித்து, வாழையிலை விரித்த தட்டில் கொட்டி, மேலே இன்னொரு இலை, அதன்மேல் தட்டு, அதன்மேல் அம்மிக் குழவி. நன்றாக ஆறியபின் நனைத்த கத்தியால் கட்டம் கட்டமாக வெட்டுங்க. புழுங்கலரிசியில் செய்தால் உதிர்ந்துபோகும். பங்குனி வெயிலில் இராத்திரியே செய்து வைத்தால் புளித்துவிடும், விடிகாலையில் செய்யுங்க, மத்தியானத்துக்குச் சரியாக இருக்கும்.

மாமியாருக்கு அதே நாசி இம்பிட்டோடு குவா காச்சாங். வறுத்த நிலக்கடலையை ஒன்றிரண்டாகப் பொடித்து, வரமிளகாய், சின்ன வெங்காயம், எலுமிச்சம்புல் அரைத்து வதக்கி, புளித்தண்ணீர், கருப்பட்டி சேர்த்து எண்ணெய் மிதக்கும்வரை கொதிக்க விடுகிற குழம்பு. அப்புறம் சாயூர் லோடே. முட்டைக்கோஸ், கேரட், தட்டைக்காய், கத்தரிக்காய், டோஃபு போட்டு மஞ்சள் நிறத்தில் தேங்காய்ப்பால் குழம்பு, இளசாக, தண்ணீராக இருக்கும்.

ஆனால் ஒன்று. அங்கே லோடேயில் காய்ந்த இறால் அரைத்துப் போடுவார்கள், கடலைக் குழம்பில்கூடச் சிலர் பெலாச்சான் என்கிற இறால் விழுது சேர்ப்பார்கள். பார்த்தால் காய்க் குழம்பு மாதிரிதான் தெரியும். பாக்கெட்டில் வருகிற மசாலா, சம்பால் எதுவானாலும் பொருள் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்க. இறால் இல்லாமல் குழம்பு வெறிச்சென்று இருக்கும் என்று நினைத்தால் வெங்காயத்தைக் கொஞ்சம் கூடுதலாக வதக்குங்க, உப்பைக் கடைசியில் பாருங்க. கறிச்சட்டிக் கரண்டி அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

பலகாரத்துக்கு மெனக்கெட வேண்டாம். அங்கே மேசை நிறைய டப்பா டப்பாவாக அன்னாசி ஜாம் டார்ட், பாவுலு (சின்ன முட்டை கேக்), நெய் பிஸ்கட் என்று வைத்திருப்பார்கள். பேக்கரியில் நல்ல நெய் பிஸ்கட் வாங்கி வைத்தால் சரி. அவர் உங்கள் பிள்ளைகளுக்குச் சின்னப் பச்சை உறையில் பணம் கொடுத்தால் ஐயோ வேண்டாம் என்று தடுக்காதீங்க, பெருநாளில் பெரியவர்கள் சிறுசுகளுக்குக் கொடுக்கிற வழக்கம் அது.

இலையை வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் போடுகிறேன். வந்ததும் கழுவாமல் அப்படியே ஃப்ரீசரில் வையுங்க, சமைக்கும்போது எடுத்துக் கழுவினால் போதும். நடு நரம்பை உரித்துவிட்டு நறுக்க வேண்டும்.