புதுப்பிப்பு: பழைய ரிப்போர்ட்டுகளை ஏஐ படித்தது, ஆழத்தில் மாட்டியது

கோவையில் நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில், வாய்ப்புற்று அறுவை சிகிச்சை ஆய்வுக்காகப் பழைய பேத்தாலஜி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட்டுகளை ஏஐயை வைத்துப் படிக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். செய்து பார்த்துவிட்டோம்.

கட்டியின் அளவு, கழுத்தில் எடுத்த நெறிக்கட்டிகள், அவற்றில் எத்தனையில் புற்று என்பதையெல்லாம் நன்றாகவே எடுத்துக் கொடுத்தது. மாட்டிய இடம் ஆழம், அதாவது கட்டி உள்ளே எவ்வளவு தூரம் ஊடுருவியிருக்கிறது என்பது. 2018இல் நடைமுறைக்கு வந்த எட்டாம் பதிப்பு டிஎன்எம் முறையில் (புற்றின் நிலையைப் பிரிக்கும் முறை), கட்டி 2 செ.மீ.க்குள் இருந்தாலும் ஆழம் 5 மி.மீ.யைத் தாண்டினால் அது டி1 என்ற முதல் படி கிடையாது. அதற்கு முந்தைய ரிப்போர்ட்டுகள் பலவற்றில் ஆழமே எழுதவில்லை. ஒன்றில் ‘தடிமன் 6 மி.மீ.’ என்றிருந்தது, ஏஐ அதையே ஆழம் என்று போட்டுவிட்டது. தடிமனைக் கட்டியின் மேற்பரப்பிலிருந்து அளப்பார்கள். ஆழத்தைப் பக்கத்து நல்ல சவ்வின் மட்டத்திலிருந்து. வெளியே புடைத்த கட்டியென்றால் தடிமன் ஆழத்தைவிட அதிகமாக இருக்கும், நோயின் நிலையே மாறிப்போகும். எனக்குப் பயமாகிவிட்டது.

சரி, ஆழம் எழுதியிருக்காவிட்டால் காலியாக விடு என்று மாற்றினோம். பேத்தாலஜி மேடம், “கண்ணு, ஸ்லைடெல்லாம் பத்திரமா இருக்குது, நானே அளந்து தர்றேன்” என்றார். வாய்க்குள் புகையிலை ஒதுக்கியே பழகிய ஒரு பாட்டியின் ஸ்லைடை நேற்று மைக்ரோஸ்கோப்பில் வைத்தார்: ஆழம் 4 மி.மீ.