பிலடெல்பியா சுதந்திரப் பூங்கா: எது அசல், எது பிற்காலத்தில் கட்டியது?

மேலைமாடம் கேட்டது:
அடுத்த மாதம் பெற்றோரை பிலடெல்பியாவின் சுதந்திர தேசிய வரலாற்றுப் பூங்காவுக்கு அழைத்துச் செல்கிறேன். பழைய கட்டடம் எதைக் கண்டாலும் ‘இது அந்தக் காலத்ததா, அந்தக் காலத்தைப் போலக் கட்டியதா’ என்று கேட்காமல் என் தந்தை நகர மாட்டார். அங்கே சில கட்டடங்கள் 1970களில் எழுப்பப்பட்டவை என்று படித்தேன். எது எப்படி என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சுண்ணாம்புக்காரை:
சுதந்திர மண்டபத்திலேயே இரண்டும் கலந்திருக்கின்றன. பென்சில்வேனியா சட்டமன்றத்துக்காக 1732இல் கட்டத் தொடங்கிய செங்கல் கட்டடம் அது. 1776இல் சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்டதும், 1787இல் அரசியல் சாசனம் கையெழுத்தானதும் அங்கே ஒரே அறையில்தான். ஆனால் கோபுரத்தின் மர உச்சி உளுத்துப்போனதால் 1781இல் இறக்கப்பட்டது. இப்போது தெரிவது வில்லியம் ஸ்டிரிக்லண்ட் வடிவமைத்து 1828இல் எழுப்பியது. அறையின் மரப்பலகை வேலைப்பாடுகள் 19ஆம் நூற்றாண்டில் பெயர்க்கப்பட்டுவிட்டன. அவற்றைத் தேசியப் பூங்காத் துறை பிற்பாடு மீட்டமைத்தது. பச்சைத் துணி விரித்த மேசைகள் பெரும்பாலும் அக்காலத்தவை என்றாலும் அந்த அறையில் இருந்தவை அல்ல. மேடைமீதுள்ள உயர்முதுகு நாற்காலி மட்டும் விலக்கு: 1779இல் ஜான் ஃபோல்வெல் செய்தது, சாசன மாநாட்டில் வாஷிங்டன் அமர்ந்தது. அதன் உச்சியில் பாதிச் சூரியன் செதுக்கப்பட்டிருக்கும். வழிகாட்டி அடுத்த அறைக்கு நகர்த்துவதற்குள் தந்தைக்குக் காட்டிவிடுங்கள்.

தெருக்கோடி:
விடுதலை மணியையும் சேர்த்துக்கொள்ளலாம். லண்டனில் வார்த்து வந்த மணி முதல் சோதனையிலேயே விரிசல்விட்டதால், உள்ளூர்க் கைவினைஞர்களான பாஸும் ஸ்டோவும் அதே உலோகத்தை உருக்கி 1753இல் மறுபடி வார்த்தார்கள். எல்லோரும் படமெடுக்கும் அகன்ற பிளவு, விரிசலின் விளிம்புகள் உரசாதிருக்க 1846இல் வேண்டுமென்றே அகலப்படுத்தியது. மணியை ஊமையாக்கியது அதற்கு மேலே ஓடும் மெல்லிய கீறல்.

வீடுகளில், ஜெஃபர்சன் பிரகடனத்தை எழுதிய வீடு 1883இல் இடிக்கப்பட்டு, 1975இல் பழைய புகைப்படங்களின் துணையோடு மீண்டும் கட்டப்பட்டது. ஃபிராங்க்ளினின் வீடு 1812இல் போனது. அது எப்படி இருந்தது என்பதற்குப் போதிய சான்று இல்லாததால், ராபர்ட் வெஞ்சூரி 1976இல் வெறும் எஃகுச் சட்டத்தால் அதன் உருவரையை மட்டும் நிறுத்தினார். கீழே அடித்தளத்தை எட்டிப் பார்க்கலாம். தெரியாததைத் தெரிந்ததுபோல் கட்டாமல் விட்டதால், பூங்காவிலேயே நேர்மையான இடம் அதுதான் என்பது என் கருத்து.

பழஞ்செங்கல்:
நேர்மை என்று பேசினால் இடித்ததையும் பேச வேண்டும். 1948இல் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தால் உருவான இந்தப் பூங்காவுக்காகவும், மண்டபத்துக்கு வடக்கே மாநில அரசு அமைத்த புல்வெளிக்காகவும் 19ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள் ஏராளமாகத் தரைமட்டமாக்கப்பட்டன. 1850ஐ ஒட்டி எழுந்த, அக்காலத்தின் உயரமான வணிகக் கட்டடங்களில் ஒன்றான ஜெய்ன் கட்டடத்தை, பூங்காத் துறையின் சொந்தக் கட்டடக் கலைஞரான சார்லஸ் பீட்டர்சன் எதிர்த்தும் 1957இல் இடித்தார்கள். இன்று அங்கே பார்க்கும் விசாலம் 18ஆம் நூற்றாண்டில் இருந்ததல்ல. அப்போது அது நெருக்கமான நகரம்.

இதைவிட உறுத்துவது குடியரசுத் தலைவர் இல்லம். வாஷிங்டனும் பின்னர் ஆடம்ஸும் வாழ்ந்த அவ்வீட்டில் எஞ்சியிருந்த சுவர்களும் 1950களின் தொடக்கத்தில் போயின. 2007இல் அகழ்ந்தபோது சமையற்கட்டின் அடித்தளம் வெளிப்பட்டது. வாஷிங்டன் அங்கே வைத்திருந்த அடிமைகள் ஒன்பது பேர். அவர்களில் ஓனி ஜட்ஜ் என்ற இளம்பெண், 1796இல் வீட்டார் இரவுணவு உண்டுகொண்டிருந்தபோது வெளியேறி, நியூ ஹாம்ப்ஷயருக்குத் தப்பினார். உங்கள் தந்தை அந்த அடித்தளத்தை அவசியம் பார்க்க வேண்டும்.

மேலைமாடம்:
அனைவருக்கும் நன்றி. பெற்றோருக்கு முதுமை, எதிலிருந்து தொடங்கினால் நல்லது?

சுண்ணாம்புக்காரை:
மண்டபத்துக்கு நேரம் குறித்த சீட்டை முன்கூட்டியே எடுத்துவிட்டு, அதை ஒட்டி மற்றதை அமையுங்கள். மணிக்கூடமும் குடியரசுத் தலைவர் இல்லமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் அவற்றைச் சேர்த்தே முடிக்கலாம். ஃபிராங்க்ளின் வீடு இருந்த முற்றத்தை அடைய, மண்டபத்திலிருந்து கிழக்கே சற்று நடக்க வேண்டும்.